கறுப்புத் திரையில் தமிழைத் தேடுவது எப்படி? வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் லெஸ், கிரெப் என்ற இரண்டு கட்டளைகளைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். பெரிய கோப்பு ஒன்றைப் புரட்டிப் பார்க்க லெஸ், அதில் ஒரு சொல் எங்கே இருக்கிறது என்று தேட கிரெப், அவ்வளவுதான் சொன்னது. அதற்கு வந்த கடிதங்களில் செட்டிநாட்டுப் பக்கத்தவை தனியாக ஒரு கட்டு சேர்ந்துவிட்டன, அதனால் இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில். கட்டளைகளைத் தமிழில் உச்சரிப்பாக எழுதுகிறேன், கணினியில் தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்துகள்: லெஸ் என்றால் எல் இ எஸ் எஸ், கிரெப் என்றால் ஜி ஆர் இ பி (grep). "பெரிய" என்று நான் சொல்கிற இடத்தில் மட்டும் ஷிஃப்டை அமுக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பலகாரம் செய்து விற்கிறேன். ஆர்டர் எல்லாம் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில்தான் வரும். போன தீபாவளிக்கு மணகோலமும் சீப்புச் சீடையும் யார் யார் கேட்டார்கள் என்று பார்க்க வேண்டும், போனில் மேலே மேலே தள்ளிக் கை வலிக்கிறது. மகன் பழைய லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதில் உபுண்டு என்ற லினக்ஸைப் போட்டுக் கொடுத்துவிட்டு சிங்கப்பூர் போய்விட்டான், கேட்டால் "கிரெப் பண்ணுங்க ஆத்தா" என்கிறான். எப்படிப் பண்ணுவது?
(வாசகி, காரைக்குடி)

பதில்: பையன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான் ஆச்சி, பாதியில் விட்டுவிட்டான். குரூப்பைத் திறந்து, மூன்று புள்ளியைத் தொட்டால் உள்ளே 'எக்ஸ்போர்ட் சாட்' இருக்கும். படம் இல்லாமல் என்பதைத் தேர்ந்தெடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பிக்கொள்ளுங்கள். வருவது வெறும் எழுத்துக் கோப்பு, சில போன்களில் ஜிப்பாக வரும், அதைப் பிரித்தால் உள்ளே அதே கோப்பு. லேப்டாப்பில் இறக்கி, பெயரைச் சின்னதாக ஆர்டர் என்று ஆங்கிலத்தில் மாற்றி வையுங்கள், நீளப் பெயரும் நடுவில் இடைவெளியும் இருந்தால் தட்டுவதற்குள் பொறுமை போய்விடும்.

டெர்மினலை, அதாவது கட்டளை தட்டுகிற கறுப்புத் திரையைத் திறந்து, கோப்பு இருக்கிற இடத்துக்குப் போய், முதலில் லெஸ், ஓர் இடைவெளி, கோப்பின் பெயர். ஏன் முதலில் லெஸ் என்றால், தேடுவதற்கு முன்னால் கோப்பு எப்படி இருக்கிறது என்று கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். ஒவ்வொரு செய்தியும் தேதி, நேரம், பெயர், பிறகு செய்தி என்று தொடங்குவதைக் காண்பீர்கள். ஆனால் ஒருவர் நாலு பலகாரத்தை நாலு வரியாக எழுதி அனுப்பியிருந்தால் முதல் வரியில்தான் பெயர் இருக்கும், மற்ற மூன்றும் மொட்டையாக நிற்கும். இதைப் பார்க்காமல் தேடினால் "மணகோலம் 2 கிலோ" என்று மட்டும் வரும், கேட்டது யார் என்று தெரியாது.

கிரெப், குறிகள், தேடும் சொல், கோப்பின் பெயர், இதுதான் தட்டும் வரிசை, நடுநடுவே ஓர் இடைவெளி. அதனால் கிரெப் போடும்போது கழித்தல் குறி, பெரிய பி (B), பக்கத்தில் 5 என்று போடுங்கள், கிடைத்த வரிக்கு மேலே உள்ள ஐந்து வரிகளையும் சேர்த்துக் காட்டும். பெரிய ஏ போட்டால் கீழே உள்ளவை, பெரிய சி போட்டால் இரண்டு பக்கமும்.

அடுத்தது எழுத்து. உங்கள் வாடிக்கையாளர்கள் எல்லாரும் ஒரே மாதிரி எழுத மாட்டார்கள் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். மணகோலம், மனகோலம், மணக்கோலம் எல்லாம் வரும். ம[னண].*கோலம் என்று ஒற்றை மேற்கோளுக்குள் தேடுங்கள். சதுர அடைப்புக்குள் இருப்பதில் ஏதாவது ஒன்று, புள்ளியும் நட்சத்திரமும் சேர்ந்தால் நடுவில் எது இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி என்று அர்த்தம். அதே போல சீப்பு.*சீடை என்று போட்டால் சீப்புச் சீடை, சீப்பு சீடை, சீப்புசீடை மூன்றும் மாட்டும். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுகிறவர்களுக்குத் தனியாக இன்னொரு தேடல் போட வேண்டும், அங்கே கழித்தல் ஐ சேர்த்தால் பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்க்காது. தமிழில் அந்த வித்தியாசமே கிடையாது, அங்கே அது தேவையில்லை.

கிடைத்ததை வேறொரு கோப்பில் எடுத்து வைக்கக் கடைசியில் > குறியும் புதுப் பெயரும். புதுப் பெயர் என்று அழுத்திச் சொல்கிறேன், ஏற்கெனவே இருக்கிற கோப்பின் பெயரைக் கொடுத்தால் அதில் இருந்தது கேட்காமல் அழிந்துவிடும்.

கேள்வி: லெஸ் போட்டேன், கோப்பு வந்தது, படித்தேன். இப்போது வெளியே வர முடியவில்லை. எஸ்கேப் அமுக்கினாலும் ஒன்றும் ஆகவில்லை, கடைசியில் ஜன்னலையே மூடினேன்.
(வாசகர், புதுவயல்)

பதில்: கியூ. ஒரே ஒரு கியூ. எஸ்கேப்பைத் தட்டிக் குழம்பியிருந்தால் இன்னொரு தடவை கியூ.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியன். எங்கள் ஐயா காலத்துப் பேரேடுகளையும் கடிதங்களையும் சில ஆண்டுகளாக நானே தட்டச்சு செய்து எழுத்துக் கோப்புகளாக வைத்திருக்கிறேன். நீங்கள் எழுதியதைப் பார்த்து கிரெப்பில் 'வீடு' என்று தேடினால் ஏழெட்டு வரிதான் வருகிறது. நானே தட்டியது, நூறு இடமாவது இருக்கும். இந்தக் கருவிக்குத் தமிழ் தெரியாதா?
(வாசகர், தேவகோட்டை)

பதில்: தெரியாதுதான் ஐயா. அதற்கு எந்த மொழியும் தெரியாது, நீங்கள் கொடுத்த குறியீடுகள் அதே வரிசையில் எங்கே வருகின்றன என்று மட்டும் பார்க்கும். அதனால் தமிழ் எழுத்து உள்ளே எப்படிச் சேமிக்கப்படுகிறது என்று நாம்தான் தெரிந்துகொள்ள வேண்டும், தெரிந்துவிட்டால் இந்தக் கருவியே போதும்.

இப்போது கணினிகள் எல்லா மொழி எழுத்துக்கும் பயன்படுத்துகிற பொதுக் குறியீட்டு முறை யூனிகோடு, அதில் உயிர்மெய் என்பது ஒரே துண்டு அல்ல. 'டு' என்றால் ட ஒரு குறி, உகரத்தின் அடையாளம் இன்னொரு குறி. 'ட்' என்றால் ட, அப்புறம் புள்ளி. அகரம் ஏறிய ட மட்டும்தான் தனியாக நிற்கும். இலக்கணத்தில் ட் என்ற மெய்யோடு உயிர் சேர்ந்து டு ஆகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பீர்கள், கணினியில் அது தலைகீழ், ட-வின் மேல் புள்ளி ஏறித்தான் மெய்யே உண்டாகிறது. இந்தத் தலைகீழ் நமக்கு நல்லதுக்குத்தான். 'வீடு' என்று தேடினால் வீட்டில், வீட்டுக்கு, வீட்டை எதுவும் வராது. ஆனால் கடைசி அடையாளத்தைக் கழற்றிவிட்டு 'வீட' என்று தேடிப் பாருங்கள், வீடு, வீடுகள், வீட்டில், வீட்டு எல்லாமே வரும், ஏனென்றால் அவை எல்லாவற்றிலும் வ, ஈகாரக் குறி, ட என்ற வரிசை அப்படியே இருக்கிறது. வீடியோவும் வரும், ஆனால் ஐயா காலத்துப் பேரேட்டில் அந்தத் தொல்லை இருக்காது.

இதே வழி நம் ஊர்ப் பெயர்களுக்கும். பள்ளத்தூர் என்று தேடினால் பள்ளத்தூரில் வராது, பள்ளத்தூர என்று தேடுங்கள். தேக்கு என்பதற்குத் தேக்க, ஆறு என்பதற்கு ஆற. மகரத்தில் முடிகிற சொற்கள் மட்டும் கொஞ்சம் அடம் பிடிக்கும்: மரம் என்பது மரத்தை, மரத்தில் என்று ஆகிவிடுகிறதே. அதற்கு மர[மத] என்று போட்டால் மரம், மரமும், மரத்தை வரும், மரபு வராது.

முதலெழுத்துகளில் ஒரு பொறி இருக்கிறது, அதுவும் நகரத்தார் கணக்கில் நிறையவே இருக்கிறது. ராம., அரு., சித., மெ. என்று புள்ளி வைத்துப் பேருக்கு முன்னால் வரிசையாக எழுதியிருப்பார்கள் அல்லவா? கிரெப்புக்கு அந்தப் புள்ளி என்றால் எந்த ஒரு குறியும் என்று பொருள். 'ராம.' என்று தேடினால் ராமன், ராமு, ராமநாதன் என்று ஊரே வந்து நிற்கும். கழித்தல் குறியோடு பெரிய எஃப் சேர்த்தால் புள்ளியைப் புள்ளியாக மட்டும் பார்க்கும்.

பேரேட்டுக் குறிகளை எப்படித் தட்டினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ௳ நாள், ௴ மாதம், ௵ ஆண்டு, ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய் இவையெல்லாம் 2003-இல் யூனிகோடு 4.0 வந்தபோது சேர்ந்துவிட்டன. அந்தக் குறிகளாகவே தட்டியிருந்தால் வரவு வரிகளை மட்டும் எடுக்க ௷ என்ற ஒரே குறியைத் தேடினால் போதும். அதே சமயம் ௸ இருக்கிற வரியில் ஆள் பெயர் இருக்காது, ஒரு பேருக்குக் கீழே பத்து மேற்படி ஓடும். இப்படிப்பட்ட கணக்கில் ஒருவருடைய பெயரை மட்டும் தேடி, வந்த தொகையைக் கூட்டிவிட்டு இவ்வளவுதான் கொடுக்கல் வாங்கல் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. காரைக்குடி ஆச்சிக்கு மேலே உள்ள வரிகளை எடுக்கச் சொன்னேன், உங்களுக்குக் கீழே உள்ளவை வேண்டும், பெரிய ஏ போட்டு 10 என்று கொடுங்கள். கால், அரை, மாகாணி மாதிரியான பின்னக் குறிகள் 2019-இல்தான் யூனிகோடில் ஏறின, பல கணினிகளில் அவை கட்டமாகத்தான் தெரியும், அவற்றை எழுத்தாலேயே எழுதியிருந்தால் நல்லதாகப் போயிற்று.

இன்னும் ஒன்று, இது கண்ணுக்கே தெரியாது. கௌரி என்பதை ஔகாரக் குறி போட்டுத் தட்டுகிறவர்களும் உண்டு, ஒற்றைக் கொம்பு போட்டு ரகரத்துக்கு முன் ஒரு ளகரத்தை வைத்துக் கெளரி என்று தட்டுகிறவர்களும் உண்டு. திரையில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும், கிரெப்புக்கு இரண்டும் வேறு. ஸ்ரீயும் அப்படித்தான், ஸ, ஶ என்ற இரண்டு கிரந்த எழுத்துகளில் எதை வைத்துத் தட்டினாலும் ஒரே மாதிரி தெரியும். இந்த இடங்களில் கழித்தல் பெரிய இ சேர்த்து, 'கௌரி|கெளரி' என்று நடுவில் நேர்கோடு போட்டுத் தேடுங்கள், இதுவோ அதுவோ என்று இரண்டையும் பிடிக்கும். வீட்டில் இன்னொருவரும் உங்களோடு சேர்ந்து தட்டியிருந்தால் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள்.

எத்தனை என்று எண்ண கழித்தல் சி உண்டு, ஆனால் அது வரிகளைத்தான் எண்ணும். ஒரே வரியில் வீடு மூன்று தடவை வந்தாலும் ஒன்று என்றுதான் கணக்கு. வரி எண் வேண்டுமானால் கழித்தல் என், ஒரு அடைவில் இருக்கிற எல்லாக் கோப்புகளிலும் தேட கழித்தல் ஆர்.

தேடிப் பழக ஒரு நல்ல இடம் சொல்கிறேன். மதுரைத் திட்டம் 1998-இல் தொடங்கி இலக்கியங்களை மின்னுரையாக இலவசமாகத் தருகிறது. திருக்குறளை இறக்கி அதில் 'தமிழ்' என்று தேடுங்கள். 1330 குறளிலும் அந்தச் சொல் இல்லை என்று நீங்களே வகுப்பில் சொல்லியிருப்பீர்கள். ஆனால் கிரெப் வரி காட்டினால் பதற வேண்டாம், கோப்பின் தலைப்பிலும் குறிப்பிலும் அந்தச் சொல் இருந்தால் அதையும் எடுத்துக் காட்டத்தான் செய்யும். 'கடவுள்' என்று தேடினால் முதல் அதிகாரத்தின் தலைப்பு வரும், குறளுக்குள் வராது. கிடைத்த வரி நூலா, நூலைச் சுற்றியிருப்பதா என்று பிரித்துப் பார்ப்பது நம் வேலை.

கேள்வி: ஆத்தங்குடி கல் வியாபாரம். பில் போடும் மென்பொருள் அடிக்கடி நின்றுவிடுகிறது. விற்றவர்களைக் கேட்டால், மென்பொருள் தான் செய்வதையெல்லாம் குறித்து வைக்கிற "லாக் கோப்பில் எரர் வந்த இடத்தை அனுப்புங்கள்" என்கிறார்கள். அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்தால் கணினியே உறைந்துபோகிறது. விண்டோஸ்தான் வைத்திருக்கிறேன், நீங்கள் சொல்வதெல்லாம் லினக்ஸ்காரர்களுக்கு மட்டும்தானா?
(வாசகர், ஆத்தங்குடி)

பதில்: இல்லை, உங்களுக்கும்தான். விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளிலும் 11-இலும் பவர்ஷெல்லை அட்மினாகத் திறந்து டபிள்யூஎஸ்எல் என்று தட்டி, இடைவெளி விட்டு, இரண்டு கழித்தல் குறியோடு இன்ஸ்டால் என்று கொடுத்தால் உள்ளேயே ஒரு உபுண்டு வந்து உட்கார்ந்துகொள்ளும். அவ்வளவு வேண்டாம் என்றால் விண்டோஸுக்கான கிட் (ஜி ஐ டி) என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள், அதோடு லெஸ், கிரெப் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. மேக் வைத்திருப்பவர்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது.

லெஸ் உங்கள் கோப்பில் உறையாததற்குக் காரணம், அது முழுக் கோப்பையும் படித்து முடித்துவிட்டுத் திரைக்கு வருவதில்லை. திரைக்கு வேண்டிய அளவு படித்துக் காட்டிவிட்டு நீங்கள் நகர நகரப் படிக்கும். பெரிய ஜி அமுக்கினால் நேராகக் கோப்பின் கடைசிக்குப் போகும், லாக்கில் நேற்று நடந்தது கடைசியில்தானே இருக்கும். ரொம்பப் பெரிய கோப்பாக இருந்து வரி எண்களைக் கணக்குப் போட ஆரம்பித்தால் கொஞ்சம் திணறும், கன்ட்ரோல் சி அமுக்கி நிறுத்திவிடுங்கள். அங்கிருந்து மேல்நோக்கித் தேடக் கேள்விக்குறியைத் தட்டி எரர் என்று ஆங்கிலத்தில் எழுதி என்டர். கீழ்நோக்கித் தேட கேள்விக்குறிக்குப் பதில் சாய்கோடு. அடுத்தது வேண்டுமானால் என், வந்த வழியே திரும்ப பெரிய என். வரிகள் நீளமாக ஓடி மடிந்து கண்ணைக் குழப்பினால் கழித்தல் குறி, பெரிய எஸ், என்டர்: ஒரு வரி ஒரே வரியாக நிற்கும், பக்கவாட்டில் அம்புக்குறியால் நகரலாம்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது & குறிதான். அதைத் தட்டி எரர் என்று எழுதினால் அந்தச் சொல் உள்ள வரிகள் மட்டும் திரையில் நிற்கும், மற்றவை மறைந்துவிடும். எத்தனை மணிக்கு, எந்த வரிசையில் நின்றது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். மறுபடி & தட்டி ஒன்றும் எழுதாமல் என்டர் கொடுத்தால் எல்லாம் திரும்பி வரும்.

பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே லாக் வளர்வதைப் பார்க்க வேண்டுமா, பெரிய எஃப் அமுக்கிவிட்டு விட்டுவிடுங்கள், புது வரி சேரச் சேர அதுவாகவே காட்டும், நிறுத்த கன்ட்ரோல் சி. கணக்குக் கோப்பு கெட்டுவிடுமோ என்ற பயமும் வேண்டாம், லெஸ் பார்க்க மட்டும்தான். வி எழுத்தைத் தட்டினால் மட்டும் திருத்தும் மென்பொருளுக்குள் கொண்டுபோய்விடும், அதைத் தொடாதீர்கள். எரர் வரியோடு மேலும் கீழும் இருபது வரி சேர்த்து அனுப்புங்கள், கூடவே அதில் வாடிக்கையாளர் போன் எண்கள் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

கேள்வி: கல்லூரியில் லினக்ஸ் பாடம் இருக்கிறது. மோர், லெஸ், கிரெப் மூன்றையும் யார் எப்போது எழுதினார்கள்? மோர் இருக்கும்போது லெஸ் எதற்கு?
(மாணவர், காரைக்குடி)

பதில்: தேர்வுக்கென்றால் இப்படி எழுது தம்பி. கிரெப்பை எழுதியவர் கென் தாம்சன், பெல் ஆய்வகத்தில், 1973. கோப்பைப் பக்கம் பக்கமாகக் காட்டுகிற மோர் 1978-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேனியல் ஹால்பர்ட் எழுதியது. லெஸ்ஸை மார்க் நூடல்மன் 1983-க்கும் 85-க்கும் இடையில் எழுதினார். அந்தக் காலத்து மோரில் முன்னால் மட்டும்தான் போக முடியும், தாண்டிப் போன பக்கத்துக்குத் திரும்ப வழியில்லை, அந்தக் குறைக்காகத்தான் லெஸ் பிறந்தது. இப்போது மோரிலும் ஓரளவு பின்னால் போகலாம், இருந்தாலும் கைக்கு லெஸ்தான் பழக வேண்டும். வாத்தியார் கோப்பை அப்படியே கொட்டிக் காட்டுகிற கேட் கட்டளையையும் கிரெப்பையும் சேர்த்து எழுதச் சொல்லிக் கொடுத்திருப்பார், கோப்பின் பெயரை கிரெப்புக்கே நேராகக் கொடுக்கலாம், கேட் வேண்டியதில்லை. மதிப்பெண் போய்விடும் என்றால் தேர்வில் மட்டும் அவர் சொன்னபடி எழுதிவிடு.

கேள்வி: லெஸ்ஸில் திறந்தால் தமிழ் எழுத்துக்குப் பதில் கோண அடைப்புக்குள் ஏதோ எண்ணும் எழுத்துமாக வருகிறது.
(வாசகி, கண்டனூர்)

பதில்: யூனிகோடு எழுத்தைக் கோப்பில் பைட்டுகளாகச் சேமிக்கிற ஒரு முறை யுடிஎஃப்-8, உங்கள் டெர்மினல் அதில் இல்லை. ஒரு தமிழ்க் குறி யுடிஎஃப்-8-இல் மூன்று பைட், அந்த மூன்றையும் சேர்த்துப் படிக்கத் தெரியாமல் தனித்தனியாகக் காட்டுகிறது. எக்ஸ்போர்ட் என்ற சொல், இடைவெளி, பெரிய எழுத்தில் லெஸ்சார்செட் என்று ஒட்டி, சமக்குறி, யுடிஎஃப்-8 என்று தட்டிவிட்டு மறுபடி திறந்து பாருங்கள். வேறொன்று, கொம்பும் காலும் தள்ளித் தள்ளி உடைந்து தெரிந்தால் அது டெர்மினலின் குறை, பல டெர்மினல்களுக்குத் தமிழைச் சேர்த்து வரையத் தெரியாது. தேடல் அப்போதும் சரியாகவே வேலை செய்யும், விடையைக் கோப்பில் போட்டு சாதாரண எடிட்டரில் படித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அச்சகம் வைத்திருக்கிறோம். இருபது வருடத்துக்கு முன்னால் பாமினி எழுத்துருவில் தட்டிய கல்யாணப் பத்திரிகை, மலர்கள் எல்லாம் கோப்புகளாகக் கிடக்கின்றன. அதில் தமிழில் தேடினால் ஒன்றுமே கிடைக்கவில்லை.
(வாசகர், தேவகோட்டை)

பதில்: கிடைக்காது, ஏனென்றால் அந்தக் கோப்பில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்துதான், பாமினி அதற்குத் தமிழ் உருவம் மாட்டிக் காட்டுகிறது, எழுத்துருவை எடுத்துவிட்டால் வேஷம் கலைந்துவிடும். பாமினியில் தமிழ் என்ற சொல் உள்ளே எப்படி இருக்கும் என்றால் ஜே, கே, பி (p), ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. அதைத் தேடினால் கிடைக்கும்! அச்சகத்தில் பாமினி விசைப்பலகை விரலிலேயே பழகியவர் யாராவது இருப்பார், அவரை உட்கார வைத்து, எழுத்துருவைப் பற்றி யோசிக்காமல் தமிழில் தட்டுவதுபோலவே ஆங்கிலப் பலகையில் தட்டச் சொல்லுங்கள், கிரெப்புக்கு வேண்டியது அதுதான். இரண்டு எச்சரிக்கை: ஒற்றை மேற்கோளுக்குள் போடுங்கள், இல்லாவிட்டால் அரைப்புள்ளியைக் கண்டதும் கட்டளை முடிந்தது என்று டெர்மினல் நினைத்துக்கொள்ளும். கழித்தல் ஐ போடவே கூடாது, பாமினியில் சின்ன எஃப் என்றால் க, பெரிய எஃப் என்றால் கு, இரண்டையும் ஒன்றாக்கினால் குப்பைதான் வரும்.

இது எழுத்துக் கோப்புகளுக்குச் சொன்னது. பேஜ்மேக்கர் கோப்பாக இருந்தால் முதலில் அதிலிருந்து எழுத்தை மட்டும் வெளியே எடுக்க வேண்டும். நாள்பட்ட தீர்வு யூனிகோடுக்கு மாற்றுவதுதான், இலவச மாற்றிகள் இருக்கின்றன. பழைய கோப்பை அழிக்காமல் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு மாற்றுங்கள், மாற்றிய பிறகு பேர்களை மட்டுமாவது ஒருவர் படித்துப் பார்க்கட்டும். பத்திரிகையில் மாப்பிள்ளை பேர் தப்பினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: இந்தக் காலத்தில் போய் கறுப்புத் திரையில் சின்ன எழுத்து பெரிய எழுத்து என்று பாடம் எடுக்கிறீர்களே, கோப்பை ஏஐ-யிடம் கொடுத்தால் அதுவே தேடித் தராதா?
(வாசகர், கானாடுகாத்தான்)

பதில்: தரும், சில வேலைக்கு நன்றாகவே தரும். கடிதத்தைச் சுருக்கிச் சொல் என்றால் கிரெப்பால் ஆகாது. ஆனால் 'இந்தப் பேர் எந்தெந்த வரியில் இருக்கிறது, ஒன்று விடாமல் சொல்' என்று கேட்டால் நான் கிரெப்பைத்தான் நம்புவேன், அது களைத்துப்போய் நடுவில் நாலு வரியை விடாது, இல்லாத வரியைச் சேர்க்காது. அதோடு ஒரு குடும்பத்தின் கொடுக்கல் வாங்கல் முழுவதையும் யாருடைய கணினிக்கோ ஏற்றிவிட்டுத்தான் ஒரு பேரைத் தேட வேண்டுமா? தேவகோட்டை ஆசிரியருடைய பேரேடு அவர் வீட்டை விட்டு வெளியே போகாமல் தேடப்படுகிறது, இணையமே இல்லாமல். எந்த வடிவத்தைத் தேடுவது என்று யோசிக்க ஏஐ-யைக் கேளுங்கள், தேடலை உங்கள் கணினியில் செய்யுங்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

கேள்வி: வேர்டு, பிடிஎஃப் கோப்புகளிலும் கிரெப் தேடுமா? நோட்பேடில் சேமித்த ஒரு கோப்பில் தேடினால் 'பைனரி' என்று ஏதோ சொல்கிறது.
(வாசகி, பள்ளத்தூர்)

பதில்: நேராகத் தேடாது. இப்போதைய வேர்டு கோப்பு உள்ளுக்குள் ஒரு ஜிப், எழுத்து அதற்குள் சுருக்கி வைக்கப்பட்டிருக்கிறது, வேர்டிலிருந்தே வெறும் எழுத்தாகச் சேமித்துக்கொண்டு தேடுங்கள். பிடிஎஃப் என்றால் பிடிஎஃப்டுடெக்ஸ்ட் என்ற கட்டளையால் எழுத்தைப் பிரித்தெடுக்கலாம், தமிழ்ப் பிடிஎஃப்பில் அது எல்லா நேரமும் ஒழுங்காக வராது, ஒரு பக்கம் சோதித்துப் பாருங்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம், டெசராக்ட் மாதிரி ஒன்றால் முதலில் எழுத்தாக்க வேண்டும், அப்படி ஆக்கியதில் ரகரமும் துணைக்காலும் இடம் மாறிக் கிடக்கும், தேடும்போது அதையும் மனதில் வையுங்கள்.

நோட்பேடு விஷயம் வேறு. பழைய நோட்பேடில் சேமிக்கும்போது 'யூனிகோடு' என்று ஒரு தேர்வு இருக்கும், பெயரைப் பார்த்து எல்லாரும் அதைத்தான் அமுக்குவார்கள், அது யுடிஎஃப்-16. கிரெப்புக்கு அது எழுத்துக் கோப்பாகவே தெரியாது. அதே கோப்பைத் திறந்து யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்து வேறு பெயரில் சேமியுங்கள். நிறையக் கோப்பு இருந்தால் ஐகான்வ் என்ற கட்டளை இருக்கிறது, எதிலிருந்து எதற்கு என்று சொன்னால் மாற்றிக் கொடுக்கும், அதன் முழு வடிவத்தை அடுத்த இதழில் தருகிறேன்.